ரெண்டாவது சாவி யார்கிட்ட?

நடுவர் ஐயாவுக்கும், ஞாயித்துக்கிழமை மத்தியானத் தூக்கத்தை விட்டுட்டு இந்த சமூக மன்றத்துக்கு வந்திருக்கிற எல்லாருக்கும் வணக்கம். லேட்டா வந்தவங்களுக்காக தலைப்ப ஒரு தடவை சொல்லிடறேன்: பரம்பரையா குடும்பமா பிராந்தி காய்ச்சுறாங்களே, அதோட தரத்தைக் காப்பாத்துறது குடும்பத்துக் கைப்பக்குவமா, எழுதி வெச்ச சட்டமா? நான் சட்டத்தோட பக்கம். என் மனைவி முன்வரிசைல உக்காந்திருக்காங்க, அதனால இப்ப சொல்லப் போற எல்லாத்தையும் நான் படிச்சு மட்டும்தான் தெரிஞ்சுகிட்டேன்னு பதிவு பண்ணிக்கிறேன்.

எதிரணி அக்கா பிரமாதமா பேசினாங்க. பிரான்ஸ்ல கோன்யாக் ஊரு, அந்த ஊர்ப் பேர்லயே பிராந்தி காய்ச்சுற காமு குடும்பம், 1863லேர்ந்து அஞ்சு தலைமுறை, தாத்தா மூக்கு அப்பாவுக்கு வந்துச்சு அப்பா மூக்கு புள்ளைக்கு வந்துச்சுன்னு. (காமுன்னதும் எனக்குப் பக்கத்துல இருந்தவர் எந்த காமு மாமின்னு கேட்டுட்டார்.) நானும் கை தட்டினேன். ஆனா அக்கா, அந்தத் தாத்தா செம்புப் பானைல காய்ச்சினார்னீங்களே, செம்புதான் வெக்கணும்னு இன்னைக்கு கட்டாயப்படுத்துறது யாரு? சட்டம். பானைக்கு அடியில நேரா நெருப்பு எரியணும், ரெண்டு தடவை காய்ச்சணும், ரெண்டாவது தடவைக்கு 2,500 லிட்டருக்கு மேல ஊத்தக் கூடாது, காய்ச்சப் போற திராட்சை ஒயின்ல சக்கரை சேக்கக் கூடாது, அறுவடைக்கு அடுத்து வர்ற மார்ச் 31க்குள்ள காய்ச்சி முடிச்சு அடுப்ப அணைச்சிடணும், அப்புறம் ஓக் பீப்பாய்ல குறைஞ்சது 2 வருஷம். அத்தனையும் எழுத்துல இருக்கு.

கைப்பக்குவமே இல்லேன்னு நான் சொல்ல வரல. முதல் தடவை காய்ச்சினா கலங்கலா 30 சதவீதம் போல ஆல்கஹாலோட ஒண்ணு வரும், அத மறுபடி பானைல ஊத்தி ஏத்தினா மொதல்ல சொட்டுறது மூக்குல குத்தும், அதுக்குப் பேரு தலை, ஒதுக்கிடணும். அப்புறம் தெளிஞ்சு வருது பாருங்க 70 சதவீதத்தை ஒட்டி, அதுதான் இதயம், பீப்பாய்க்குப் போறது அது மட்டும்தான். கடைசில வாசம் மங்கி வர்றது வால். எங்க வெட்டணும்ங்கிறதுக்கு காய்ச்சுறவர் மூக்கும் நாக்கும்தான் துணை, சீசன்ல ராப்பகலா அடுப்பு ஓடும், பானைக்குப் பக்கத்துலயே கட்டில் போட்டுப் படுத்துக்கிற வழக்கமெல்லாம் உண்டு. நம்ம பாட்டி வெல்லப்பாகுல ஒரு சொட்ட தண்ணில விட்டு விரலால உருட்டிப் பாத்து பதம் சொல்வாங்கல்ல, அதே கதைதான். சரி, அந்தப் பாட்டியே ஒருநாள் அரிசி மாவுக்குப் பதிலா மைதாவப் போட்டா? பதம் தப்பாது. ஆனா அதுக்குப் பேரு அதிரசமா?

இன்னொண்ணு. 1870கள்ல பைலாக்சரான்னு ஒரு பூச்சி திராட்சை வேர உறிஞ்சி அந்த வட்டாரத்தையே மொட்டையாக்கிடுச்சு. தோட்டம் போச்சு, ஒயின் போச்சு, ஆனா சந்தைல கோன்யாக்னு பேர் ஒட்டின பாட்டில் மட்டும் வந்துகிட்டே இருந்துச்சு, அதுல நிறைய போலி. குடும்பங்க அப்பவும் இருந்துச்சு, மூக்கும் இருந்துச்சு, என்ன பண்ண முடிஞ்சுது? 1909ல அரசாங்கம் எல்லைக்கோடு போட்டு இந்த வட்டாரத்துச் சரக்குக்குத்தான் இந்தப் பேர்னு சொல்லி, 1936ல செய்முறையையும் சேத்துக் கட்டினதாலதான் பேரு தப்பிச்சுது. இந்தியாவுல பிராந்தின்னு விக்கிற நிறைய பாட்டில்ல அடிப்படை கரும்பாலை மொலாசஸ்லேர்ந்து வர்ற ஸ்பிரிட்டு, திராட்சை பேருக்குத்தான். அங்க கைப்பக்குவக்காரங்க இல்லையா என்ன?

குடும்பம் குடும்பம்னீங்களே, எங்க குடும்பத்துக்கே வரேன். இங்க சிங்கப்பூர் தோ பாயோல எங்க சித்தப்பா வீட்டு ஷோகேஸ்ல ஒரு எக்ஸ்ஓ பாட்டில், அதாவது ரொம்ப வருஷம் பீப்பாய்ல இருந்த கோன்யாக், இருக்கும், ஒவ்வொரு தீபாவளிக்கும் வர்ற எல்லாருக்கும் அதுலேர்ந்துதான் ஊத்துவார், பாட்டில் மட்டும் குறையவே குறையாது, அட்சய பாத்திரம்னு நெனச்சுகிட்டிருந்தோம். ஒரு வருஷம் ஐஸ் எடுக்க கிச்சனுக்குப் போனா சித்தி சிங்க் பக்கத்துல புனல் வெச்சு ஏதோ மலிவு பிராந்திய அதுக்குள்ள ஊத்திகிட்டிருக்காங்க! என்னைப் பாத்ததும் வாயில விரல வெச்சு "சித்தப்பாகிட்ட சொல்லாதடா"ன்னாங்க. இதுவும் குடும்பம்தான் ஐயா, இதுவும் கைப்பக்குவம்தான், ஒரு சொட்டு கீழ சிந்தல.

சட்டமே கேரமல் கலர் சேக்க விடுதேன்னு அடுத்து பேச வர்ற தம்பி கேப்பார், தெரியும். விடுது. அது எனக்கும் உறுத்துது, அத நான் மறைக்கல. ஆனா விடுதுன்னு எழுதி வெச்சிருக்கிறதாலதான தம்பி உங்களுக்கே தெரிஞ்சுது? எங்க சித்தி புனல எங்கயும் எழுதி வெக்கலியே. அதே சட்டம்தான் 6 வருஷம் பீப்பாய்ல இருந்தா எக்ஸ்ஓன்னு இருந்தத 2018ல 10 வருஷமாக்குச்சு. நாலு வருஷம் கூடன்னா சும்மா இல்ல, பீப்பாய்லேர்ந்து வருஷத்துக்கு 2 சதவீதம் போல ஆவியாவே போயிடும், அத தேவதைகளோட பங்குன்னு சொல்லி மனச தேத்திக்குவாங்க. இந்த நஷ்டத்த தானா முன்வந்து எந்த மருமகப் புள்ள ஒத்துக்குவார்? இங்கயே பாருங்க, ராத்திரி பத்தரை ஆனா காப்பிக்கடைல பீர் கட்டிக் குடுக்க மாட்டாங்க, கடைக்கார அங்கிள் எவ்வளவு தெரிஞ்சவரா இருந்தாலும் முடியாது, "கேன்னாட் லா"தான்.

மணி அடிச்சுட்டாங்க, ஒண்ணே ஒண்ணு. கோன்யாக்ல ஒரே வருஷத்து அறுவடைன்னு வருஷம் போட்டு விக்கிறதுக்காக பீப்பாய்கள வெச்சிருக்கிற பாதாள அறைக்கு ரெண்டு பூட்டு. ஒரு சாவி குடும்பத்துகிட்ட, இன்னொண்ணு பிஎன்ஐசிங்கிற தொழில் அமைப்புகிட்ட. சொந்த வீட்டு பீப்பாய், தாத்தா காய்ச்சி வெச்சது, ஆனா அதிகாரி சாவியோட வர்ற வரைக்கும் பேரன் வெளிய நிக்கணும். எங்க சித்தப்பா ஷோகேஸ்ல ஒரு பூட்டுதாங்க இருந்துச்சு, அதுவும் சித்தி இடுப்புல. தீர்ப்ப உங்க கிட்ட விடறேன் ஐயா, நன்றி.