பாய்லர், இன்ஜின், பாய்லர், இன்ஜின்: ஃப்ளெட்சர் வகை நாசகாரிக் கப்பல்கள்

எல்லோருக்கும் வணக்கம்.

நான் வணிகக் கப்பல்களின் இன்ஜின் ரூமில் வேலை பார்த்தவன். போர்க்கப்பலில் ஒருநாளும் பணியாற்றியதில்லை. இருந்தும் இரண்டாம் உலகப்போரின் அமெரிக்க நாசகாரிகளை, அதாவது டெஸ்ட்ராயர் என்ற வேகமான சிறு போர்க்கப்பல்களைப் பற்றிப் பேச ஒப்புக்கொண்டதற்கு ஓர் இரவுதான் காரணம். நீராவியில் ஓடும் பழைய டேங்கர் ஒன்றில் அப்போது நான் நாலாவது இன்ஜினியர். எண்ணெயில் தண்ணீர் கலந்து பாய்லரில் நெருப்பு அணைந்துவிட்டது. நீராவியால் சுழலும் டர்பைனின் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. விளக்குகள் போயின. இன்ஜின் ரூமில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும், அங்கே சத்தம் இருந்தால் பயமில்லை, அமைதிதான் பயம். கப்பலின் தகட்டில் அலை மோதுவது காதில் விழுந்தது. மறுபடி பற்றவைத்து நீராவி எழுப்ப நாற்பது நிமிடம் ஆனது. யாரும் எங்களைச் சுடவில்லை, அதற்கே கை நடுங்கியது. சுட்டுக்கொண்டிருக்கும்போது நீராவி போனால் என்ன செய்வார்கள் என்ற கேள்வி அன்றைக்கு மனசில் விழுந்தது. பதில் தேடிப் போய்த்தான் ஃப்ளெட்சர் வகைக் கப்பல்களைக் கண்டேன்.

1930-ல் லண்டனில் போட்ட கடற்படை ஒப்பந்தம், நாசகாரிகள் இவ்வளவு எடைதான் இருக்கலாம் என்று கட்டுப்படுத்தியது. போர் மூண்டதும் அந்தக் கட்டு அறுந்தது. அதன்பிறகு வரையப்பட்டது ஃப்ளெட்சர். எடை சுமார் 2,050 டன், நீளம் 115 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஐந்து அங்குலப் பீரங்கிகள் ஐந்து, தண்ணீருக்குள் பாய்ந்து தாக்கும் டார்பிடோ பத்து, நீர்மூழ்கிகளைத் தாக்க ஆழ்வெடிகள். 60,000 குதிரைத்திறன், வேகம் 35 நாட் (கப்பல் வேகத்தின் அளவு) என்பதற்கு மேல், அதாவது மணிக்குச் சுமார் 65 கிலோமீட்டர். போர்க்காலத்தில் ஒவ்வொன்றிலும் முந்நூறுக்கும் மேற்பட்ட மாலுமிகள். 1942 முதல் 1944 வரை 11 கப்பல்தளங்களிலிருந்து 175 கப்பல்கள் இறங்கின.

எனக்கு முக்கியம் அந்தக் கப்பலின் வயிறு. உள்ளே நான்கு பாய்லர், இரண்டு டர்பைன் தொகுதி, அதாவது இரண்டு இன்ஜின். எல்லாப் பாய்லரையும் சேர்த்து வைத்து, பின்னால் டர்பைன்களைப் போடுவதுதான் சுலபம். குழாயும் மிச்சம், இடமும் மிச்சம். ஃப்ளெட்சரை வரைந்தவர்கள் அப்படிச் செய்யவில்லை. முன்னாலிருந்து பாய்லர் அறை, இன்ஜின் அறை, மறுபடி பாய்லர் அறை, மறுபடி இன்ஜின் அறை என்று மாற்றி மாற்றி வைத்தார்கள். ஒவ்வொரு ஜோடியும் ஒரு புரொப்பல்லரைச் சுழற்றும். முன் ஜோடி மூழ்கினால் பின் ஜோடி ஓடும். நடுவில் அடிபட்டு முன் இன்ஜினும் பின் பாய்லரும் போனால்கூட, குறுக்குக் குழாய் வழியே முன் பாய்லரின் நீராவியைப் பின் டர்பைனுக்குக் கொண்டுபோகலாம். இந்த ஏற்பாடு இதற்கு முந்தைய வகைக் கப்பல்களிலேயே வந்துவிட்டது. ஃப்ளெட்சரில் அதைத் தாராளமான உடம்புக்குள் பொருத்தினார்கள். பாதி செத்தாலும் மீதி ஓட வேண்டும் என்று ஒருவர் வரைபடத்தின் முன்னால் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். அந்த யோசனையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது.

அந்த யோசனைக்கு வந்த சோதனையைச் சொல்கிறேன். 1944 அக்டோபர் 25, பிலிப்பைன்ஸின் சமார் தீவுக்குக் கிழக்கே விடிகாலை. அமெரிக்காவின் ஆறு சிறிய விமானந்தாங்கிகள், காவலுக்கு மூன்று ஃப்ளெட்சர்கள், இன்னும் சிறிய நான்கு துணைக் காவல் கப்பல்கள். அடிவானத்தில் வந்தது ஜப்பானின் மையப்படை. உலகிலேயே பெரிய போர்க்கப்பலான யமாட்டோவோடு நான்கு பெரும் போர்க்கப்பல்கள், நாசகாரியைவிடப் பெரிய க்ரூசர்கள் எட்டு, பதினோரு நாசகாரிகள்.

ஜான்ஸ்டன் என்ற ஃப்ளெட்சரின் கேப்டன் எர்னஸ்ட் எவன்ஸ், ஒக்லஹோமாவில் பிறந்த பூர்வகுடி வம்சத்தவர். உத்தரவு வரும்வரை அவர் காத்திருக்கவில்லை. புகைத்திரை விரித்துக்கொண்டே எதிரியை நோக்கித் தனியாகப் பாய்ந்தார். பத்து டார்பிடோவையும் விட்டார். ஒன்று குமானோ என்ற கனரக க்ரூசரின் முகப்பைப் பிய்த்தது.

திரும்பும்போது மூன்று பெரும் பீரங்கிக் குண்டுகள் ஜான்ஸ்டனைத் தாக்கின. பின் இன்ஜின் அறை போயிற்று. சுக்கானுக்கு மின்சாரம் இல்லை, பின்பக்கப் பீரங்கிகளுக்கும் இல்லை. எவன்ஸின் இடது கையில் இரண்டு விரல் போயிருந்தது. ஆனால் முன் ஜோடி ஓடிக்கொண்டிருந்தது. வேகம் 17 நாட்டாக இறங்கியதே தவிர, கப்பல் நிற்கவில்லை. அந்த 17 நாட் வேகத்தை வைத்துக்கொண்டு ஜான்ஸ்டன் இன்னும் இரண்டு மணி நேரம் சண்டை போட்டது. டார்பிடோ தீர்ந்தபிறகும் மற்ற நாசகாரிகளின் டார்பிடோத் தாக்குதலுக்குத் துணையாகப் போய்ப் பீரங்கியால் சுட்டது. கடைசியில் எவன்ஸ் பின்தளத்துக்கு வந்து, திறந்த மூடி வழியாகக் கீழே குரல் கொடுக்க, கையாலேயே சுக்கானைத் திருப்பினார்கள். அந்தக் கீழறையில் இருந்தவர்களுக்குக் கடலும் தெரியாது, எதிரியும் தெரியாது. மேலிருந்து வந்த குரல் மட்டுமே வழிகாட்டி.

சுமார் 9:40-க்கு மிச்சமிருந்த இன்ஜினும் நின்றது. 10:10-க்குக் கப்பல் மூழ்கியது. 327 பேரில் 186 பேர் திரும்பவில்லை. எவன்ஸும் திரும்பவில்லை. தப்பியவர்கள் இரண்டு நாளுக்கும் மேலாகக் கடலில் மிதந்தார்கள். ஜப்பானியப் படை பின்வாங்கியது. ஆறு விமானந்தாங்கிகளில் ஐந்து அந்தத் துரத்தலிலிருந்து தப்பின.

குறையையும் சொல்லிவிட வேண்டும். போர் நீள நீள இந்தக் கப்பல்களின் மேல்தளத்தில் விமான எதிர்ப்புத் துப்பாக்கிகளும் ரேடாரும் ஏறிக்கொண்டே போயின. மேலே கனம், கீழே எண்ணெய் தீர்ந்து காலித் தொட்டி. 1944 டிசம்பர் புயலில் ஸ்பென்ஸ் என்ற ஃப்ளெட்சர் அப்படித்தான் கவிழ்ந்தது. எதிரி ஒரு குண்டுகூடச் சுடவில்லை. போரில் மொத்தம் 19 ஃப்ளெட்சர்கள் மூழ்கின.

இங்கே பலருக்குப் பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். பாஸ்டன் பக்கம் போனால் சார்ல்ஸ்டவுன் பழைய கடற்படைத் தளத்தில் கேசின் யங் என்ற ஃப்ளெட்சரைப் பார்த்து வாருங்கள். 1945 ஜூலை 30 விடிவதற்கு முன், ஒகினாவா அருகே, தற்கொலைப்படை விமானம் ஒன்று அதன் முன் பாய்லர் அறையருகே மோதியது. 22 பேர் இறந்தார்கள். கப்பல் அசைவற்று நின்றது. இருபது நிமிடத்தில் ஓர் இன்ஜினை உயிர்ப்பித்துக் கிளம்பிவிட்டார்கள். எங்களுக்கு அமைதியான கடலில் நாற்பது நிமிடம் ஆயிற்று என்று சொன்னேனே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கப்பலில் இரண்டு புகைபோக்கிக்கும் நடுவே போய் நில்லுங்கள். உங்கள் காலுக்குக் கீழே இருப்பது முன் இன்ஜின் அறை.