ஒரு பிடி அரிசி

நேயர்களுக்கு வணக்கம். நான் பிரசங்கியார் அல்ல. எங்கள் சேகரத்தில், அதாவது ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைகளின் தொகுதியில், பொருளாளராக இருந்தவன். ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லாரும் வீட்டுக்குப் போனபின் காணிக்கைப் பையைக் கவிழ்த்து எண்ணிக்கொண்டிருக்கிற ஆள். ஆகவே எளிய விசுவாசியின் தாராளத்தைப் பற்றிப் பேசச் சொன்னால், கணக்கு வழியாகத்தான் எனக்குப் பேசத் தெரியும்.

மிசோரமில் 'புஹ்ஃபாய் தம்' என்று ஒரு வழக்கம் இருக்கிறது. கைப்பிடி அரிசி. மிசோ மக்களுக்குப் பழைய வழக்கப்படி காலையில் ஒரு சாப்பாடு, மாலையில் ஒரு சாப்பாடு, இரண்டும் சோறு. உலைக்கு அரிசி அளந்ததும், களைவதற்கு முன், வீட்டுப் பெண் அதிலிருந்து ஒரு பிடி அள்ளித் தனியாக ஒரு பாத்திரத்தில் போடுவாள். சபைப் பெண்கள் வீடு வீடாக வந்து அதை வாங்கிச் சேர்த்து விற்பார்கள். பணம் சபைக்கும் அதன் ஊழியத்துக்கும் போகும். 1910-இல் தொடங்கிய இந்த வழக்கம் நூறு ஆண்டுக்கு மேலாக நடந்து வருகிறது.

மூட்டையிலிருந்தா எடுக்கிறாள்? இல்லை. இந்த வேளைக்கென்று அளந்ததிலிருந்து எடுக்கிறாள். மூட்டையில் ஒரு பிடி போனால் யாருக்கும் தெரியாது. ஐந்து பேருக்கு அளந்த அரிசியில் ஒரு பிடி போனால் யாரோ ஒருவருக்கு ஒரு கவளம் குறையும். பெரும்பாலும் அது சமைத்தவளின் தட்டாகத்தான் இருக்கும் என்று சொல்ல மிசோரம் வரை போக வேண்டியதில்லை.

கணக்கைப் பார்ப்போம். ஒரு பிடி சுமார் ஐம்பது கிராம் என்று வையுங்கள். இரண்டு வேளைக்கு நூறு கிராம், மாதத்துக்கு மூன்று கிலோ. இருநூறு வீடு உள்ள சபையில் மாதம் அறுநூறு கிலோ அரிசி. எங்களைப் போன்ற பொருளாளர்களுக்கு இதில் பிடித்தது தொகைகூட இல்லை, அதன் ஒழுங்கு. பணக்காரர் ஒருவர் உணர்ச்சிவசப்பட்டுப் பெரிய தொகை கொடுப்பார், அடுத்த ஆண்டு கமிட்டியில் ஏதோ மனஸ்தாபம் என்று நிறுத்திவிடுவார். அவரை நம்பி ஒரு உபதேசியாரை, அதாவது ஊரில் தங்கிச் சபையைக் கவனிக்கிற ஊழியரை, சம்பளத்துக்கு வைக்க முடியாது. இருநூறு வீட்டு அடுப்பை நம்பி வைக்கலாம்.

இதைத் தொடங்கியபோது அந்தச் சபைக்கு என்ன வயது தெரியுமா? லொரெய்ன், சாவிஜ் என்ற இரண்டு மிஷனரிகள் அன்றைய லுஷாய் மலைக்கு வந்து சேர்ந்தது 1894 ஜனவரியில். மிசோ மொழிக்கு எழுத்து அமைத்துக் கொடுத்தவர்கள் அவர்கள்தான். 1897-இல் வேல்ஸ் நாட்டிலிருந்து டி. இ. ஜோன்ஸ் வந்தார். முதல் ஞானஸ்நானம் 1899-இல், குமா, காரா என்ற இரண்டே பேருக்கு. அதிலிருந்து பதினோரு ஆண்டில் கைப்பிடி அரிசி வந்துவிட்டது. மிஷன் கொடுக்கும், நாம் வாங்கிக்கொள்வோம் என்று பழகிப்போவதற்கு முன்பே கொடுத்துப் பழகிவிட்டார்கள். பழக்கம் இறுகிப்போன சபைகளில் இதைப் புதிதாகக் கொண்டுவருவது எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும்.

அந்த மக்கள் செழிப்பிலும் இல்லை. மலைச்சரிவில் காட்டை வெட்டி, எரித்து, அந்தச் சாம்பல் மண்ணில் நெல் விதைத்துப் பிழைத்தவர்கள். தொடங்கிய மறு ஆண்டே பெரும் பஞ்சம் வந்தது. மிசோ மலைகளை மூடியிருக்கும் மூங்கில் ஏறத்தாழ 48 ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாகப் பூத்துக் காய்க்கும். அந்தக் காயைத் தின்று எலி பெருகும். காய் தீர்ந்ததும் எலிக் கூட்டம் வயலிலும் களஞ்சியத்திலும் இறங்கும். இதற்கு 'மௌதாம்' என்று பெயர். 1911, 1912-இல் வந்தது, பிறகு 1959-இல், அதன் பிறகு 2006, 2007-இல். கைப்பிடி அரிசி இந்த மூன்று மௌதாமையும் தாண்டி வந்திருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நண்டுக்கறி ஒரு கறியல்ல, பெண் சொல் ஒரு சொல்லல்ல என்று மிசோக்களிடம் பழைய பழமொழி உண்டு. பெண்ணின் அறிவு ஊர்த் தண்ணீர்த்துறையைத் தாண்டாது என்று இன்னொன்று. இப்படிப்பட்ட சமுதாயத்தில் நிலமோ களஞ்சியமோ பெண்ணின் கையில் இல்லை. அவள் கேட்காமல் எடுக்கக்கூடியது அன்றைய உலை அரிசி ஒன்றுதான். அதை எடுத்தாள். பெண் பேச்சு எடுபடாத ஊரில், சபையின் வரவுப் புத்தகத்தில் பெண்ணின் பத்தி நீண்டுகொண்டே போனது.

அதன் பலன் 1960-களில் தெரிந்தது. 1966-இல் இந்திய அரசை எதிர்த்து மிசோ கலகம் வெடித்தது. அந்த மார்ச்சில் அரசு ஐஸ்வால் நகரத்தின் மீது விமானத்திலிருந்து குண்டு போட்டது. அடுத்த ஆண்டிலிருந்து கிராமங்களைக் கலைத்துச் சாலையோர முகாம்களில் அடைத்தார்கள். 1968-க்குள் வெளிநாட்டு மிஷனரிகள் பெரும்பாலும் வெளியேறிவிட்டார்கள். சம்பளப் பணம் கடல் தாண்டி வந்துகொண்டிருந்த சபையாக இருந்தால் அன்றே படுத்திருக்கும். இந்தச் சபை எழுந்து நின்றது, வளர்ந்தது, இன்று தன் பணத்தில் இந்தியாவின் பல மாநிலங்களுக்கு ஊழியர்களை அனுப்புகிறது. 2011 கணக்கெடுப்பின்படி மிசோரமின் மொத்த மக்கள்தொகையே பதினொரு லட்சத்துக்குள்தான்.

நம் பக்கத்திலும் இதற்கு ஒரு சரித்திரம் உண்டு. 1903-இல் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் வெளிப்பணத்தை எதிர்பாராமல் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கி, நிஜாம் சீமையில் தோர்ணக்கல் வட்டாரத்துக்கு ஊழியர்களை அனுப்பினார்கள். அதில் முன்னின்ற வி. எஸ். அசரியா 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய அத்தியட்சர், அதாவது பிஷப், ஆனார். அவர் பெயர் நமக்குத் தெரியும். பனங்காட்டு வீடுகளில் பிடி அரிசி எடுத்து வைத்தவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. அறுப்பின் பண்டிகைக்கு முதல் காய்த்த பூசணியையும் அடைகாத்த கோழியையும் கொண்டுவந்து வைத்து, ஏலத்தில் அது இரட்டை விலைக்குப் போவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனவர்கள் அவர்கள். பிடி அரிசி கிறிஸ்தவர்களுக்கு மட்டும் சொந்தமும் அல்ல. காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதி ஏழைகளுக்கு அன்னமிட இதே வழியைச் சொல்லியிருக்கிறார்.

இப்போது, தன்னிடமிருந்த இரண்டு காசையும் தேவாலயக் காணிக்கைப் பெட்டியில் போட்ட அந்த ஏழை விதவையிடம் வருகிறேன். மாற்கு சுவிசேஷத்தின் 12-ஆம் அதிகாரத்தின் கடைசியில் இருக்கிறாள். நன்கொடை திரட்டும் ஞாயிறுகளில் நாம் அவளை விடாமல் கூப்பிடுகிறோம். ஆனால் அவள் வருவதற்குச் சற்று முன்பு, நாற்பதாம் வசனத்தில், விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிற வேதபாரகரை இயேசு கண்டிக்கிறார். இரண்டையும் சேர்த்து வாசித்தால் பொருளாளனுக்குக் கொஞ்சம் தொண்டை அடைக்கும். அவள் கொடுத்தது அவளுக்கு மேன்மை. அதை வாங்கி நாம் என்ன செய்தோம் என்பது நம்முடைய நியாயத்தீர்ப்பு. பிடி அரிசிப் பணத்தில் ஆலய முகப்புக்கு கிரானைட் பதிக்கத் தீர்மானம் போடுகிற கமிட்டிகளை நான் பார்த்திருக்கிறேன். கையெழுத்துப் போடமாட்டேன் என்று சண்டையும் போட்டிருக்கிறேன்.

மக்கெதோனியா சபைகளைப் பற்றிப் பவுல் இரண்டாம் கொரிந்தியர் எட்டாம் அதிகாரத்தில் எழுதும்போது, கொடிய தரித்திரத்திலும் அவர்கள் தாராளமாய்க் கொடுத்தார்கள் என்று மெச்சுகிறார். அதே அதிகாரத்தில், இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அங்கீகரிக்கப்படும் என்று தடுப்பும் போட்டு வைக்கிறார். அந்த அதிகாரத்தின் முதல் சில வசனங்களை மட்டும் வாசித்துவிட்டுப் பையை நீட்டுவது சரியல்ல.

உங்கள் சபையில் கைப்பிடி அரிசியைத் தொடங்க நினைக்கிறீர்களா? என் அனுபவத்தில் சிலவற்றைச் சொல்கிறேன். எந்த வீட்டில் எவ்வளவு என்று நோட்டில் எழுதாதீர்கள். எழுதினால் இல்லாத வீட்டுக்காரி கடன் வாங்கிப் போடுவாள். பாத்திரம் காலியாக இருந்தால் வாங்க வந்தவர்கள் ஜெபம்பண்ணிவிட்டுப் போகட்டும், மறுவாரமும் அதே முகத்தோடு வரட்டும். அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்றால், சேர்ந்த அரிசியில் ஒரு பங்கு முதலில் அங்கே போகட்டும். இந்தப் பணம் எதற்குச் செலவாக வேண்டும் என்ற தீர்மானத்தை அரிசி எடுத்து வைத்த பெண்களின் கூட்டத்தில் போடுங்கள். சேகர மன்றம் அதைக் கேட்டு நிறைவேற்றினால் போதும். மாதக் கணக்கை ஆலயத்தில் வாசியுங்கள், எத்தனை கிலோ, என்ன விலை, யாருக்குப் போனது என்று.