பறவையின் கண் உயரத்துக்கு இறங்குதல்: இராமநாதபுரம் கடற்கரையில் கரைப்பறவைகளைப் படம் எடுப்பது எப்படி?

[காட்சி: தனுஷ்கோடியின் வடகரை. விடிந்து அரை மணி நேரம். ஈர மணலில் சற்று ஓடி, நின்று, மீண்டும் ஓடும் ஒரு மணல் உப்புக்கொத்தி.]

வணக்கம். திரையில் நீங்கள் பார்க்கும் இந்த உப்புக்கொத்தி ஒரு சாண் நீளம்கூட இல்லாத பறவை. அதன் கண் மணலிலிருந்து ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. நின்றபடி கேமராவைப் பிடிக்கும் நம் கண் 150 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் கடற்கரையில் எடுக்கப்படும் கரைப்பறவைப் படங்களில் பல உயிரற்றுப் போவதற்கு இந்த 140 சென்டிமீட்டர் இடைவெளியே முதல் காரணம் என்பது என் உறுதியான கருத்து. லென்ஸின் விலை அதற்குப் பிறகுதான் வருகிறது.

[காட்சி: மணலில் குச்சியால் வரைந்த கோட்டுப்படம்.]

பறவை நமக்கு 10 மீட்டர் முன்னால் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். நின்றுகொண்டு எடுத்தால் நம் பார்வைக்கோடு மேலிருந்து சரிந்து இறங்கி, பறவையின் கண்ணைத் தாண்டியதும் ஒன்றரை முழத்தில் மணலில் முட்டிவிடுகிறது. ஆகவே படத்தில் அதன் தலைக்குப் பின்னால் தெரிவது, அருகிலேயே கிடக்கும் சிப்பி ஓடும் காய்ந்த பாசியும் கால்தடமும்தான். லென்ஸை 15 சென்டிமீட்டர் உயரத்துக்கு இறக்கினால் அதே கோடு பறவைக்குப் பின்னால் 20 மீட்டர் சென்ற பிறகே மணலைத் தொடுகிறது. 12 சென்டிமீட்டருக்கு இறக்கினால் அந்தத் தொலைவு 50 மீட்டராகிறது. 500 மில்லிமீட்டர் லென்ஸில், f/6.3 துளை அளவில், 10 மீட்டர் தொலைவில், முழுச்சட்ட (ஃபுல் ஃப்ரேம்) உணரி கொண்ட கேமராவில் முன்பின்னாகத் தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் மட்டுமே. எனவே அந்த 50 மீட்டருக்கு அப்பால் இருக்கும் கரையும் அலையும் வானமும் மெல்லிய நிறப்பட்டைகளாகக் கரைந்துவிடுகின்றன, முன்னால் இருக்கும் மணலும் அதே போலக் கரைகிறது, நடுவில் பறவை மட்டும் கூர்மையாக நிற்கிறது. இதற்கு மென்பொருள் எதுவும் தேவையில்லை. வயிறு மணலில் படும்படி குப்புறப் படுத்தால் போதும்.

ஆனால் எங்கே படுப்பது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும்.

[காட்சி: சாலையின் இருபுறமும் கடல். கேமரா மெதுவாகத் திரும்புகிறது.]

இராமேசுவரம் தீவின் தென்கிழக்கு நுனியாக நீண்டு கிடக்கும் தனுஷ்கோடி மணல் திட்டின் வடக்கே பாக் விரிகுடா இருக்கிறது. தெற்கே மன்னார் வளைகுடா இருக்கிறது. முன்னதைப் பெண்கடல் என்றும் பின்னதை ஆண்கடல் என்றும் இங்குள்ளவர்கள் அழைக்கிறார்கள். வலசைப் பறவைகள் தங்கியிருக்கும் குளிர்காலத்தில் சூரியன் தென்கிழக்கில் உதித்துத் தெற்கு வானத்திலேயே நகர்வதால், வடகரையில் கடலைப் பார்த்துப் படுத்திருப்பவருக்கு வெளிச்சம் எப்போதும் முதுகுப் பக்கத்திலிருந்தே வந்து பறவையின் மேல் விழுகிறது. தென்கரையில் அதே நேரத்தில் சூரியனை நோக்கிப் படுக்க வேண்டியிருக்கும். அங்கே பறவையின் விளிம்பு மட்டும் ஒளிரும் நிழலுருவப் படங்கள் கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழையும் வாடைக்காற்றும் பெண்கடலைக் கொந்தளிக்க வைப்பதால், தை பிறந்த பிறகு பங்குனி வரையிலான காலத்தையே நான் விரும்புகிறேன்.

காற்றைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இறகு கலைந்துவிடாமல் இருக்கக் கரைப்பறவைகள் காற்று வரும் திசையை நோக்கியே நிற்கும். வடகிழக்கிலிருந்து வாடை வீசும்போது வடகரையில் கடலைப் பார்த்துப் படுத்தால், நமக்குக் கிடைப்பது வால்களின் வரிசை. அதனால் பறவைக்கூட்டத்துக்குக் கிழக்கே, கரையின் ஓரமாகவே மேற்கு நோக்கிப் படுக்க வேண்டும். அப்போது வெளிச்சமும் பின்னாலிருந்து வருகிறது, பறவையின் முகமும் முக்கால் பங்கு நம் பக்கம் திரும்பியிருக்கிறது.

[காட்சி: கோதண்டராமர் கோயிலை ஒட்டிய உப்பங்கழி. தொலைவில் பூநாரைகள்.]

அடுத்தது கடலின் ஏற்றமும் வற்றமும். இந்தப் பகுதியில் ஓத வேறுபாடு, அதாவது கடல்நீர் ஏறி நிற்கும் மட்டத்துக்கும் வற்றி நிற்கும் மட்டத்துக்கும் உள்ள இடைவெளி, ஒரு மீட்டருக்கும் குறைவுதான் என்றாலும், உப்பங்கழியின் தரை சமதளமாக இருப்பதால், நீர் சில அங்குலம் இறங்கினாலே பெரும் பரப்பு சேறாக வெளிப்படுகிறது. காற்றும் தன் பங்குக்கு நீரை ஒரு பக்கம் தள்ளிவிடுகிறது. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் இந்த வேறுபாடு அதிகமாக இருக்கும். ஓத நேரம் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்திக்கொண்டே போகும். நீர் முழுவதும் வற்றியிருக்கும்போது பறவைகள் அந்தப் பரப்பெங்கும் சிதறி இரை தேடுகின்றன. அப்போது அவற்றைத் துரத்துவது வீண். நீர் ஏறத் தொடங்கும் நேரத்துக்கு முன்பே சென்று, நீர்விளிம்பு எங்கே வந்து நிற்குமோ அதற்குச் சற்று மேலே ஈர மணலில் படுத்துவிட்டால், ஏறும் நீரே பறவைகளை ஒவ்வொரு கெசமாக நம்மை நோக்கி நகர்த்திக்கொண்டு வரும். எந்த இடத்தில் நீர் கடைசியாக ஏறும் என்பதைக் கரைவலை இழுப்பவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்; அலைபேசியில் தெரியும் ஓத அட்டவணையைவிட அவர்கள் சொல்வது எனக்கு ஒருபோதும் தவறியதில்லை.

படுக்கச் செல்லும் முறையும் முக்கியமானது. பறவைகளிடமிருந்து 60, 70 மீட்டர் தொலைவிலேயே உட்கார்ந்து, பிறகு படுத்து, முழங்கைகளை ஊன்றி, நேராக அவற்றை நோக்கிச் செல்லாமல் சாய்வாக நகர வேண்டும். இரை தேடுவதை நிறுத்திவிட்டுக் கழுத்தை நீட்டி நிமிர்ந்து நின்றாலோ, தலையை மேலும் கீழுமாக வெட்டி அசைத்தாலோ, ஒற்றைக்காலில் உறங்கிய பறவை மற்றொரு காலையும் ஊன்றினாலோ, அது நம்மைக் கண்டு கலங்கிவிட்டது என்று பொருள். அந்த இடத்திலேயே அசையாமல் படுத்துவிட வேண்டும். மத்திய ஆசியாவின் மலைப் பகுதிகளிலிருந்து வரும் மணல் உப்புக்கொத்தியும், சைபீரியாவின் வடகோடியில் முட்டையிடும் வளைமூக்கு உள்ளானும் பங்குனி, சித்திரையில் திரும்பிப் பறப்பதற்குத் தேவையான கொழுப்பை இந்தச் சேற்றில்தான் சேர்க்கின்றன. ஒருமுறை எழுப்பிப் பறக்கவிட்டால், அந்தச் சேமிப்பிலிருந்து நாம் எடுத்துச் செலவழித்தவர்கள் ஆகிறோம்.

[காட்சி: மிக அருகில் உப்புக்கொத்தியின் தலை. பிறகு கால்.]

இப்போது அருகில் வந்துவிட்ட இந்தப் பறவையைப் பொறுமையாகப் பாருங்கள். உப்புக்கொத்தி கண்ணால் வேட்டையாடுவது. அதனால்தான் சிறிய தலையில் அவ்வளவு பெரிய கண். நான்கைந்து அடி ஓடும், சிலைபோல நிற்கும், கொத்தும். சில நேரம் ஒரு காலை மட்டும் முன்னால் நீட்டி, ஈர மணலின் மேல் நடுங்குவதுபோல் வேகமாகத் தட்டும். மணலுக்குள் இருக்கும் சிற்றுயிர் அசைந்தால் அது கண்ணில் பட்டுவிடும். மேலே நின்று பார்ப்பவருக்கு இந்தக் கால் நடுக்கம் தெரிவதே இல்லை. அது நிற்கும் கணமே நம் கணம்: ஓட்டம் முடிந்து கால்கள் ஊன்றும்போது பொத்தானை அழுத்தினால், கண்ணில் ஒளிப்புள்ளியோடு படம் கிடைக்கும். உள்ளான்கள் வேறு வகை. வளைமூக்கு உள்ளான் போன்றவை அலகு நுனியின் தொடு உணர்வால் சேற்றுக்குள் இரை தேடுவதால், தலையைத் தூக்காமல் தையல் ஊசிபோலக் குத்திக்கொண்டே நகரும். அவற்றுக்குத் தொடர் படப்பிடிப்பை வைத்துக்கொண்டு, அலகு மேலே வரும் அந்த நொடிக்காகக் காத்திருக்க வேண்டும்.

கேமரா அமைப்புகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஓடும் பறவைக்கு ஷட்டர் வேகம் நொடியில் 1,000இல் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது. பறக்கும்போது 2,000இல் ஒரு பங்கு தேவை. தாழ்வான கோணத்தில் முன்னால் இருக்கும் மணல்மேடு ஃபோகஸைப் பிடித்துக்கொள்ளும் என்பதால், பறவைக் கண்ணைக் கண்டறியும் வசதி இல்லாத கேமராவில் ஒற்றை ஃபோகஸ் புள்ளியை மட்டும் பயன்படுத்துங்கள். வெண்மணலைக் கண்ட கேமரா படத்தை இருட்டாக்கும். ஈடு செய்யச் சற்றுக் கூடுதல் வெளிச்சம் கொடுங்கள், ஆனால் உப்புக்கொத்தியின் வெள்ளை மார்பு வெளிறிப்போகிறதா என்பதை, படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமில் பார்த்துக்கொள்ளுங்கள். தாழ்வான கோணத்தில் நீர்க்கோடு படத்தின் குறுக்கே நீண்டு தெரிவதால், கடுகளவு சாய்வும் கண்ணை உறுத்தும்.

வெயில் ஏறியதும் படம் எடுப்பதை நிறுத்திவிடுவது நல்லது. மணலை ஒட்டிச் சூடேறிய காற்று அலைபாய்வதைக் கானல் என்கிறோம். நம் பார்வைக்கோடு முழுவதும் அந்தக் காற்றின் வழியாகவே செல்வதால், படுத்து எடுப்பவருக்கே அதனால் பாதிப்பு அதிகம். காலை ஒன்பது மணிக்குப் பிறகு எடுத்த படங்கள் மங்கலாக இருந்ததைக் கண்டு, லென்ஸ் பழுதாகிவிட்டதென்று நான் பல மாதங்கள் வருந்தியிருக்கிறேன்.

[காட்சி: பழைய எவர்சில்வர் தாம்பாளம், அதன் மேல் பயறு நிரப்பிய துணிப்பை, அதன் மேல் லென்ஸ்.]

முக்காலி இங்கே பயன்படாது. விளிம்பு உயர்ந்த ஒரு பழைய தாம்பாளத்தில் பச்சைப்பயறு நிரப்பிய துணிப்பையை வைத்து, அதன் மேல் லென்ஸைக் கிடத்தித் தள்ளிக்கொண்டே போனால், அது ஈர மணலில் வழுக்கிச் செல்லும், லென்ஸும் மணலைத் தொடாது. மடங்கும் திரை உள்ள கேமரா கழுத்து வலியைக் குறைக்கும். கடற்கரையில் லென்ஸைக் கழற்றி மாற்றாதீர்கள். லென்ஸின் கண்ணாடியில் மணல் பட்டால் முதலில் காற்றூதும் ரப்பர் குமிழால் ஊதிவிடுங்கள், துடைப்பது பிறகு. வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கேமராவின் வெளிப்புறத்தில் படிந்த உப்பைத் துடைத்தெடுங்கள்.

[காட்சி: காய்ந்த மணல். முதலில் எதுவும் தெரியவில்லை. கேமரா நெருங்க நெருங்க, சிப்பித்துண்டுகளுக்கு நடுவில் மூன்று முட்டைகள்.]

இந்த வீடியோவில் நான் சொல்லும் எல்லாவற்றிலும் இதையே நீங்கள் கட்டாயம் நினைவில் கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வலசை வராமல் ஆண்டு முழுவதும் இங்கேயே வாழும் ஒரு சிறிய உப்புக்கொத்தி உண்டு. கென்டிஷ் உப்புக்கொத்தியின் உள்ளினம் என்று நெடுங்காலம் கருதப்பட்ட இப்பறவையை 2023இல் வெளியான ஆய்வு தனி இனம் என்று காட்டியது; தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்வதால் அதற்கு அனுமன் உப்புக்கொத்தி என்று பெயர். இரண்டுக்கும் இடையே உடல் அளவிலும் முகத்துக் கோடுகளிலும் கால் நிறத்திலும் இருக்கும் நுட்பமான வேறுபாடுகளைத் தாழ்வான கோணத்தில் எடுத்த படங்களே தெளிவாகக் காட்டுகின்றன. ஆனால் கோடையில் அது முட்டையிடுவது ஓதம் எட்டாத காய்ந்த மணலில், ஒரு சிறு குழியில். மணலின் நிறத்திலேயே புள்ளிகள் விழுந்த அந்த முட்டைகள் நான்கடி தொலைவில்கூடக் கண்ணில் படுவதில்லை. ஒரு வைகாசி மாதக் காலையில், முழங்கை ஊன்றி நகர்ந்துகொண்டிருந்த நான், ஒரு பெண் பறவை எனக்கு முன்னால் இறக்கை ஒடிந்ததுபோல் இழுத்துக்கொண்டு நொண்டியதைப் பார்த்து நின்றேன். என் தாம்பாளத்துக்கும் கூட்டுக்கும் இடையே இருந்தது ஒரு சாண்தான்.

அதனால் மாசி முதல் ஆடி வரை காய்ந்த மணலில் படுப்பதையும் ஊர்வதையும் முற்றிலும் விட்டுவிடுங்கள். நீர் வந்து செல்லும் ஈர மணலுக்கு உள்ளேயே இருங்கள். இறக்கை ஒடிந்ததுபோல் நடிக்கும் பறவையைக் கண்டால் அதைப் படம் எடுக்க நிற்காமல், வந்த தடத்திலேயே திரும்புங்கள். நண்பகல் வெயிலில் தாய்ப்பறவை தன் வயிற்று இறகை நீரில் நனைத்து வந்து முட்டைகளைக் குளிர்விக்கும். நாம் அருகில் கிடக்கும் ஒவ்வொரு நிமிடமும் அந்த வேலை தடைபடுகிறது. மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவைச் சேர்ந்த 21 தீவுகளில் அனுமதியின்றிக் கால் வைக்கவே கூடாது. தனுஷ்கோடிப் பகுதியும் 2025இல் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டிருப்பதால், எந்த இடம் வரை செல்லலாம் என்பதை வனத்துறையினரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

[காட்சி: நீர் ஏறிவிட்டது. பறவைகள் ஒன்றாகக் கூடி, காற்றை நோக்கி, ஒற்றைக்காலில் நிற்கின்றன.]

நீர் முழுவதும் ஏறியதும் பறவைகள் இரை தேடுவதை நிறுத்திவிட்டு இப்படி நெருக்கமாகக் கூடி ஓய்வெடுக்கும். இந்தக் கூட்டத்தில் ஏதாவது ஒன்றின் காலில் எழுத்துப் பொறித்த வண்ணப் பட்டை இருந்தால், எழுத்துத் தெளிவாகத் தெரியும்படி படம் எடுத்து, இடத்தையும் நாளையும் குறித்து, மும்பையில் உள்ள பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்புங்கள். கோடியக்கரையில் நெடுங்காலமாகப் பறவைகளுக்கு வளையமிட்டு ஆய்வு செய்பவர்கள் அவர்கள்.

வேலை முடிந்தது என்று உடனே எழுந்து நிற்காதீர்கள். இரண்டு மணி நேரமாக மணலோடு மணலாகக் கிடந்த உருவம் திடீரென்று ஆள் உயரத்துக்கு எழுந்தால் மொத்தக் கூட்டமும் பறந்துவிடும். தாம்பாளத்தை உங்கள் பக்கம் இழுத்துக்கொண்டு, கால் பக்கமாகவே பின்னால் ஊர்ந்து செல்லுங்கள். பாருங்கள், நான் 40 மீட்டர் பின்வாங்கிவிட்டேன். வரிசையின் ஓரத்தில் நிற்கும் அந்தப் பறவை ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்துவிட்டு, அலகை மீண்டும் முதுகு இறகுக்குள் செருகிக்கொள்கிறது.