பிள்ளை பெற்ற உடம்புக்கு அவகாசம் வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம். பிரசவமாகி மூன்று நான்கு மாதங்களில் மருத்துவமனைக்கு வரும் தாய்மார்கள் குழந்தையைப் பற்றி எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, எழுந்து போகும் வேளையில்தான் "உடம்பு குறையவே இல்லையே, டாக்டர்" என்கிறார்கள். அந்தக் கேள்விக்கு நிதானமாக விடை சொல்ல இந்த உரையைப் பயன்படுத்திக்கொள்கிறேன்.

கர்ப்ப காலத்தில் பெரும்பாலும் 10 முதல் 12 கிலோ வரை எடை கூடுகிறது. அதில் ஏறத்தாழப் பாதி, குழந்தையும் நஞ்சுக்கொடியும் பனிக்குட நீருமாகப் பிரசவத்தோடு இறங்கிவிடும். கருப்பை சுருங்க 6 வாரங்கள் ஆகும். எஞ்சுவதில் பெரும்பகுதி பாலூட்டுவதற்கென்றே உடல் சேர்த்துவைத்த கொழுப்பு. ஒன்பது மாதங்களில் சேர்ந்ததை ஒரே மாதத்தில் கரைத்துவிட வேண்டும் என்று ஒரு தாயை நெருக்குவது நியாயமன்று.

பாலூட்டும் தாய்க்கு முதல் 6 மாதங்கள் நாளொன்றுக்குக் கூடுதலாக 600 கலோரி தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வெளியிட்ட பரிந்துரை கூறுகிறது. ஆகவே பட்டினி கிடப்பது வழியன்று. பூண்டுக் குழம்பு, பால் சுறாப் புட்டு, முருங்கைக்கீரை என நம் பத்திய உணவில் நல்லவை பல உண்டு. அவற்றை விடச் சொல்ல மாட்டேன். ஆனால் காய்கறியையும் பழத்தையும் "பிள்ளைக்கு ஆகாது" என்று விலக்கி, தண்ணீரையும் அளந்து கொடுத்து, நெய் சொட்டும் லேகியத்தை மட்டும் மாதக்கணக்கில் தொடர்வதை எந்த மருத்துவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

மூத்த பிள்ளையும் சிறு குழந்தையாக இருக்கும் வீட்டில் நிலைமை இன்னும் கடினம். அது மிச்சம் வைத்த பருப்புச் சாதமும் கடித்துப் போட்ட பிஸ்கட்டும் வீணாகக் கூடாதே என்று தாயின் வாய்க்குப் போகின்றன. தனக்கென்று ஒரு தட்டில் பரிமாறி, உட்கார்ந்து, பசி அறிந்து உண்ணும் வாய்ப்பு அவளுக்கு ஒரு வேளைகூட அமைவதில்லை. இரவில் இரண்டு மணிக்கொரு முறை விழிப்பவளுக்குப் பகலில் பசியும் இனிப்பின் மீது நாட்டமும் கூடுவது உடலின் இயல்பு. அதை மனக்கட்டுப்பாடு இல்லாதவள் என்று பேசுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. நாள்தோறும் அரைமணி நேரம் கணவரோ மாமியாரோ பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டால், அவள் காலாற நடந்து வரலாம். சுகப்பிரசவமானவர்கள் சில நாட்களிலேயே மெல்ல நடக்கலாம். அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் வயிற்றுக்கான பயிற்சிகளை மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும். வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தால் போதும். அதுவும் ஒவ்வொரு வாரமும் குறையாது.

எடை இயந்திரத்தைவிட எனக்கு அதிகக் கவலை தருவது வேறொன்று. கர்ப்ப காலத்தில் சர்க்கரை கண்டவர்களில் பலர், பிரசவத்தோடு அது போய்விட்டது என்று நம்பிப் பிறகு பரிசோதனைக்கே வருவதில்லை. பின்னாளில் நிரந்தர நீரிழிவு வரும் வாய்ப்பு அவர்களுக்கு அதிகம். எடையைக் குறைப்பதால் பெரும்பயன் அடைபவர்களும் அவர்களே. பிரசவமான 6 வாரங்களுக்குப் பிறகு 75 கிராம் குளுக்கோஸ் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்கும் பரிசோதனை அவர்களுக்குக் கட்டாயம் தேவை. குழந்தைக்கு ஆறாவது வாரத் தடுப்பூசி போடச் செல்லும் நாளிலேயே, தாய்க்கும் இந்தப் பரிசோதனையைச் செய்யும்படி அங்கு கேளுங்கள்.