கடுகண்ணாவை ஏற்றமும் மோல்ஸ்வேர்த்தின் உத்தியோகமும்

அனைவருக்கும் வணக்கம். இப்போது நான் கடுகண்ணாவை புகையிரத நிலைய மேடையில் நிற்கிறேன். கொழும்பிலிருந்து கண்டிக்கு வரும் பாதை, ரம்புக்கனையைத் தாண்டியதும் ஏறத் தொடங்கி, ஏறத்தாழ 12 மைல் தூரம் மூச்சு வாங்கியபடி இங்கேதான் உச்சியைத் தொடுகிறது. 45 அடி முன்னே சென்றால் ஓர் அடி உயரும் என்பது இதன் கணக்கு. வீதியில் அது பெரிய ஏற்றமே அல்ல. ஆனால் தண்டவாளத்தில் இரும்புச் சில்லுக்குப் பிடிமானம் குறைவு என்பதால், நீராவிக் காலத்தில் இன்னோர் என்ஜினையும் சேர்த்தே வண்டியை மேலேற்ற வேண்டியிருந்தது.

இந்தப் பாதை உருவானபோது தலைமைப் பொறியியலாளராக இருந்தவர் கில்ஃபர்ட் லிண்ட்சி மோல்ஸ்வேர்த். 1828இல் இங்கிலாந்தில் பிறந்த அவர் 1859இல் இலங்கைக்கு வந்தபோது, வேலை ஒரு தனியார் கம்பனியின் கையில் இருந்தது. பாதையை ஆய்வு செய்ய வந்த பொறியியலாளர் கேப்டன் மூர்சம் எட்டரை லட்சம் பவுணுக்குச் சற்று மேலே மதித்திருந்த செலவு, மறு மதிப்பீட்டில் 20 லட்சத்தைத் தாண்டிவிடவே, கம்பனியை விலக்கிவிட்டு அரசாங்கமே பொறுப்பேற்றது. 1862இல் மோல்ஸ்வேர்த் தலைமைக்கு வந்தார். கொந்தராத்து ஃபாவியெல் என்பவருக்குப் போனது. 1867இல் கண்டிக்கு வண்டி ஓடியது. கோப்பிக்காகப் போட்ட பாதை அது. இரண்டே ஆண்டில் கோப்பி இலையில் நோய் விழுந்தது வேறு கதை.

உத்திரத்தின் வலு, நீரோட்டம் என்று வேலைத்தளத்தில் தேவைப்படும் சூத்திரங்களை அவர் சட்டைப் பையில் அடங்கும் ஒரு சிறு புத்தகமாகத் தொகுத்தார். தலைமுறை தலைமுறையாகப் பொறியியலாளர்கள் அதைக் கையோடு வைத்திருந்தார்கள். என்னைக் கேட்டால், அவர் போட்ட பாதைகளைவிட அதிக தூரம் போனது அந்தப் புத்தகம்தான்.

1867இல் பொதுவேலைத் திணைக்களத்தின் பணிப்பாளரானார். 1871 முதல் 1889 வரை இந்திய அரசாங்கத்தின் ரயில்வே ஆலோசகப் பொறியியலாளர். அவர் அங்கே போவதற்கு முந்தைய ஆண்டுதான், 1870இல், இந்திய வைஸ்ராய் மேயோ பிரபுவின் அரசாங்கம் செலவைக் குறைக்க, தண்டவாளங்களுக்கிடையே ஒரு மீட்டர் மட்டுமே அகலமுள்ள மீட்டர் பாதையைத் தேர்ந்திருந்தது. பாதையின் அகலம் மாறும் ஒவ்வொரு சந்தியிலும் மூட்டைகளை இறக்கி மறுவண்டியில் ஏற்ற வேண்டுமே என்பதால், மோல்ஸ்வேர்த் அகலப் பாதைக்காகவே வாதாடினார்.

ஓய்வுக்குப் பிறகும் அவர் சும்மா இருக்கவில்லை. 1892இல் பிரசல்ஸ் நாணய மாநாட்டுக்கு இந்தியப் பிரதிநிதியாகச் சென்றார். 1899இல், 70 வயதைக் கடந்த நிலையில், உகண்டா ரயில்வேயைப் பார்வையிட்டு அறிக்கை எழுத ஆப்பிரிக்கா போனார். அது மீட்டர் பாதை.