உப்புக் குடிக்கும் சுவர்கள்

வணக்கம் நேயர்களே. ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில், ஃபைஃப் பகுதியில், கிரெயில், ஆன்ஸ்ட்ரதர், பிட்டன்வீம், செயின்ட் மோனன்ஸ் என்று பழைய மீன்பிடி ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. செம்மண் ஓடு, படிப்படியாக ஏறும் சுவர்முகடு, தெருவிலிருந்தே மாடிக்குப் போகும் கல் படிக்கட்டு. பார்த்தவுடன் குடியேறத் தோன்றும். குடியேறியவரைச் சோதிப்பது சுவர்தான்.

இந்த வீடுகள் பலவற்றில் கீழ்த்தளம் வலையும் கயிறும் போட்டுவைக்கும் இடம். குடும்பம் இருந்தது மாடியில். படிக்கட்டு வெளியே இருப்பதற்குக் காரணம் அதுதான். ஆள் குடியிருக்கக் கட்டாத அந்தக் கீழ்த்தளத்தை இன்று படுக்கையறை ஆக்குகிறோம். பிறகு ஈரம் என்று புலம்புகிறோம்.

ஈரத்தில் இரண்டு வகை உண்டு. வசந்தத்திலும் கோடையிலும் கடலிலிருந்து ‘ஹார்’ என்ற குளிர்மூடுபனி ஏறிவரும். மழையே இல்லாத அந்த நாளில் சுவரில் திட்டு கறுத்து, காற்று உலர்ந்ததும் மறைந்தால், அது கல்லில் ஊறிய உப்பு காற்றின் ஈரத்தை இழுப்பது. எப்போதும் அடியிலேயே நிற்கும் ஈரம் வேறு: வெளியே தெருமட்டம் உயர்ந்திருக்கும், அல்லது மழைநீர்க் குழாய் உடைந்திருக்கும். ஈரமானியை மட்டும் நம்பாதீர்கள். உப்பு மின்சாரத்தைக் கடத்துவதால், சுவர் ஓரளவு காய்ந்திருந்தாலும் முள் உச்சிக்குப் போகும். அதைக் காட்டியே, ஈரம் ஏறாமல் தடுக்கும் மருந்தைச் சுவரில் ஏற்றச் சொல்வார்கள். செலவு வீண்.

பெரிய கெடுதல் சிமென்ட். கல்லிடுக்கில் சிமென்ட் பூசினால் ஈரம் இடுக்கு வழியாக வெளியேற முடியாமல் மென்மையான மணற்கல் வழியாக வரும். கூடவே வந்த உப்பு அங்கே படிகமாகிக் கல்லையே உதிர்க்கும். சில வருடங்களில் கல் உள்வாங்கி, சிமென்ட் மட்டும் வரம்பு கட்டியதுபோல் துருத்தி நிற்கும். அந்தத் தெருக்களில் நடந்தாலே கண்ணில் படும்.

மாற்றுவதானால் சுண்ணாம்புக் காரை. பழைய பூச்சைக் கையால், உளியால் எடுங்கள். சக்கர அறுவை எந்திரம் கல்லின் விளிம்பைத் தின்றுவிடும். இடுக்கின் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு ஆழம், குறைந்தது 25 மி.மீ. தூசி தட்டி, நனைத்து, ஒரு பங்கு என்.ஹெச்.எல். 3.5 என்ற, நீர் சேர்ந்தால் இறுகும் இயற்கைச் சுண்ணாம்புக்கு இரண்டரைப் பங்கு சொரசொரப்பான மணல் சேர்த்து அழுத்துங்கள். பிறகு சில நாட்கள் ஈரச் சாக்கு மூடியிருக்க வேண்டும். வெயிலைவிடக் காற்றுதான் இங்கே எதிரி. சீக்கிரம் காய்ந்த காரை மாவாக உதிரும். 5 டிகிரிக்குக் கீழே குளிர் போனால் தொடாதீர்கள். உறைபனி பச்சைக் காரையை வெடிக்கவைக்கும்.

ஓட்டுக்கு ஒரே வார்த்தை: துருப்பிடிக்காத எஃகு ஆணி. துத்தநாகம் பூசிய ஆணியை உப்புக்காற்று தின்ன, அடுத்த புயலில் ஓடு பறக்கும்.

இன்னொன்று. இவற்றில் பல பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள். ஏ, பி, சி என்று தரம் பிரித்திருக்கிறார்கள். ஜன்னலை மாற்றுவதற்குக்கூடக் கவுன்சிலின் அனுமதி தேவைப்படும். அனுமதியில்லாமல் மாற்றுவது குற்றம். முன்னாள் உரிமையாளர் செய்துவிட்டுப் போன மாற்றத்தைச் சரிசெய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தால், அது இன்றைய உரிமையாளர் பெயருக்கே வரும். அதனால் விலை பேசுவதற்கு முன், ஜன்னல், ஓடு, வெளிப்பூச்சு மூன்றுக்கும் அனுமதிக் கடிதம் இருக்கிறதா என்று உங்கள் சொலிசிட்டரை, அதாவது வழக்கறிஞரை, பார்க்கச் சொல்லுங்கள்.