மறுகால் ஓடையும் ஊர் வரைபடமும்

நேயர்களுக்கு வணக்கம். பாளையங்கோட்டையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் புவியியல் கற்பித்தவன் நான். என் மனத்தில் நெடுநாளாக இருக்கும் ஒரு செய்தியைப் பற்றிப் பேச இந்த வானொலி நிலையத்தார் எனக்கு வாய்ப்பு அளித்திருக்கிறார்கள். எந்தத் தெரு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எந்தக் குளத்தின் மறுகால், அதாவது குளம் நிரம்பி வழியும் நீர், எந்த ஓடையில் விழுகிறது, எந்த வார்டின் எல்லை எந்தச் சந்தோடு நிற்கிறது என்பன போன்ற வரைபடத் தகவல்கள், யாரும் எடுத்துப் பயன்படுத்தக் கூடியவையாகவும், பிழை கண்ட ஊரார் திருத்தம் சொல்லக் கூடியவையாகவும் திறந்திருக்க வேண்டும் என்பதே அந்தச் செய்தி. நீர், பெயர், பேருந்து என்ற மூன்றை எடுத்துக்கொண்டு இதைச் சொல்ல எண்ணியிருக்கிறேன்.

நான் பணியில் சேர்ந்த புதிதில், மாணவர்களுக்கு அவர்கள் குடியிருக்கும் ஊரின் நிலவரைபடத்தைக் காட்டிப் பாடம் சொல்ல விரும்பினேன். மலையின் உயரக் கோடுகளும் ஆற்றின் வளைவும் குளக்கரைகளும் துல்லியமாக அச்சிடப்பட்ட அத்தகைய தாள்களை, 1767 இல் தொடங்கப்பட்ட இந்திய நில அளவைத் துறை தயாரித்து வந்தது. ஆனால் கடற்கரையிலிருந்தும் நாட்டின் எல்லையிலிருந்தும் ஏறத்தாழ 80 கிலோமீட்டருக்குள் அடங்கும் பகுதிகளின் தாள்கள் அந்நாளில் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. மன்னார் வளைகுடாவுக்கு இவ்வளவு அருகில் இருக்கும் நம் சீமை அந்தக் கட்டுக்குள் அகப்பட்டுக்கொண்டது. நாட்டின் உட்பகுதியில் உள்ள ஊர்களின் தாள்களைக் காட்டிப் பாடம் நடத்திவிட்டு, தாமிரபரணியைக் கரும்பலகையில் சுண்ணாம்புக் கட்டியால் வரைந்து காட்டினேன். 1802 இல் சென்னையில் அடிக்கோடு, அதாவது மற்ற அளவுகளுக்கெல்லாம் அடிப்படையான நேர்கோடு, ஒன்றை அளந்து வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கில அதிகாரி தொடங்கிய பெரிய முக்கோண அளவைப் பணி, சில ஆண்டுகளுக்குள் தெற்கே வந்து பாளையங்கோட்டைக்கு அருகிலும் ஓர் அடிக்கோட்டை அளந்தது என்பதை நினைத்தால், இந்த மண்ணை அளந்து ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் ஆகியும் இந்த மண்ணின் பிள்ளைகள் அந்த அளவைக் காண முடியாமல் இருந்தார்களே என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

அந்த நிலை இப்போது பெரிதும் மாறிவிட்டது. 2005 ஆம் ஆண்டின் தேசிய வரைபடக் கொள்கை, பாதுகாப்புத் துறைக்கு ஒரு வரிசை, பொதுமக்களுக்கு ஒரு வரிசை என வரைபடங்களைப் பிரித்தது. 2021 பிப்ரவரியில் வெளியான வழிகாட்டு நெறிகள், இந்தியர்களும் இந்திய நிறுவனங்களும் முன் அனுமதி பெறாமலே வரைபடத் தரவைத் திரட்டவும் பகிரவும் வழிவிட்டன. பாதுகாப்பு சார்ந்த சில விவரங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. பொதுப் பணத்தில் உருவான தரவு எளிதாகக் கிடைக்க வேண்டும் என்ற கருத்தும் அந்த நெறிகளிலேயே இருக்கிறது. 2022 டிசம்பரில் தேசியப் புவிவெளிக் கொள்கையும் வந்தது. ஆகவே சட்டம் கதவைத் திறந்துவிட்டது. நம் ஊர்களில் அந்தக் கதவு வழியாக என்ன வெளியே வந்திருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இங்கே நேயர்கள் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். படம் என்பது வேறு, தரவு என்பது வேறு. கல்யாணப் பந்தியில் இலையில் விழும் சோற்றை நாம் உண்ணலாம்; குலுக்கையில் இருக்கும் நெல்லைக் குத்தி அரிசியாக்கலாம், அவலாக்கலாம், விதைக்கவும் செய்யலாம். ஓர் அலுவலகம் இணையத்தில் காட்டும் படம் இலைச் சோறு போன்றது. அந்தப் படத்துக்கு அடியில் உள்ள கோடுகளும் எண்களும் பெயர்களும் நெல்லைப் போன்றவை. இன்று ஒரு சர்வே எண்ணையும் உட்பிரிவையும் கொடுத்தால் அந்தப் புலத்தின் படத்தை வீட்டிலிருந்தே இணையத்தில் பார்க்க முடிகிறது. தாலுகா அலுவலகத்துக்கு நடந்து நடந்து கால் தேய்ந்த தலைமுறையைச் சேர்ந்தவனாகிய நான் இதை மனமாரப் பாராட்டுகிறேன். ஆயினும் ஓர் ஓடை நாற்பது சர்வே எண்களைக் கடந்து ஓடினால், நாற்பது படங்களைத் தனித்தனியே எடுத்து, ஒன்றின் விளிம்போடு மற்றொன்றை ஒட்டித்தான் அந்த ஓடையை முழுதாகக் காண முடியும்.

நாற்பது எண்கள் என்று நான் சொன்னதற்குக் காரணம் உண்டு. பாளையங்கால்வாயால் நீர் பெறும் குளங்களுள் ஒன்றின் மறுகாலை, சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவர்களுடன் நடந்து நடந்து குறித்தோம். தாமிரபரணியில் கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் இருப்பதும், அவற்றிலிருந்து கன்னடியன் கால், கோடகன் கால், பாளையங்கால், மருதூர் மேலக்கால், கீழக்கால் என வாய்க்கால்கள் பிரிவதும் நீங்கள் அறிந்தவை. வாய்க்கால் குளத்தை நிரப்பும். குளம் நிரம்பினால் மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்குப் போகும். அதுவும் நிரம்பினால் அதற்கடுத்த குளத்துக்குப் போகும். மாலை கட்டும் நாரைப்போல் இந்த ஓடைகள்தாம் குளங்களைக் கோத்து வைத்திருக்கின்றன. நாங்கள் தேடிப் போன குளத்துக்கும் அதற்குக் கீழே உள்ள குளத்துக்கும் நடுவில், அந்த நார் ஏறத்தாழ முந்நூறு மீட்டர் தூரத்துக்குக் காணாமல் போயிருந்தது.

எங்களிடம் மூன்று சான்றுகள் இருந்தன. பழைய கிராம வரைபடம் அங்கே ஓடைப் புறம்போக்கு என்று காட்டியது. செயற்கைக்கோள் படம், சுண்ணாம்பு பூசிய எல்லைக் கற்கள் நட்ட மனைகளைக் காட்டியது. ஓர் அலுவலகத்தில் நாங்கள் கேட்டுப் பெற்ற குளங்களின் பட்டியலில் கொள்ளளவும் ஆயக்கட்டும் இருந்தன. மறுகால் எங்கே போகிறது என்பதற்கு இடமே விடப்படவில்லை. மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு வெயிலில் நின்றோம். ஒரு காலத்தில் அந்தக் குளத்தின் மடை திறந்து வயலுக்கு நீர் பாய்ச்சிய பெரியவர் ஒருவர் கம்பை ஊன்றிக்கொண்டு வந்து, "சார்வாள், என்னத்தத் தேடுதீக?" என்று கேட்டார். சொன்னோம். அவர் எங்கள் தாள்களைப் பார்க்கவில்லை. ஒரு மாணவனிடம் இரும்புக் கம்பி ஒன்றைக் கொண்டு வரச் சொல்லி, மனைக் கற்களுக்கு நடுவில் ஓரிடத்தைக் காட்டி, "இங்கன குத்து" என்றார். கம்பி எளிதாக இறங்கியது. மேலே இழுத்தபோது நுனியில் மணல் ஒட்டியிருந்தது. பத்தடி தள்ளிக் குத்தச் சொன்னார். அங்கே கம்பி இறங்க மறுத்தது. ஒட்டி வந்தது கரிசல் களி. "மணல் வாற எடமெல்லாம் தண்ணி போன தடம். மனை மேலதான போட்டிருக்கு, கீழ மணல் அப்படியேதான் கெடக்கு" என்றார் அவர்.

அன்று மாலை வரை கம்பியைக் குத்திக் குத்தி, மணல் வந்த இடங்களையெல்லாம் கைப்பேசியில் புள்ளிகளாகக் குறித்துக்கொண்டே நடந்தோம். கைப்பேசி காட்டும் இடம் சில மீட்டர் முன்பின்னாக இருக்கும் என்பதால், ஒவ்வோர் இடத்தையும் இரண்டு கைப்பேசிகளில் குறித்தோம். வீட்டுக்கு வந்து, பழைய கிராம வரைபடத்தைக் கணினியில் ஏற்றி, இன்றும் அசையாமல் நிற்கும் கோயில், கலுங்கு, பாலம் ஆகியவற்றைக் கொண்டு அதை இடத்தோடு பொருத்திப் பார்த்தபோது, எங்கள் புள்ளிகள் அந்த ஓடைப் புறம்போக்கின் மீதே வரிசையாக விழுந்தன. அந்த நேரத்தில் என் மாணவி ஒருத்தி கைதட்டினாள். முப்பது ஆண்டுக்கு மேல் கற்பித்த ஆசிரியனுக்கும் அப்படித் தட்டத் தோன்றியது.

2023 டிசம்பர் 17, 18 ஆம் நாள்களை நேயர்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. திருநெல்வேலி ஜங்ஷன் பேருந்து நிலையம் தண்ணீரில் நின்றது. ஸ்ரீவைகுண்டத்தில் தொடர்வண்டிப் பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். அவ்வளவு மழைக்கு எந்த வரைபடமும் தடை போட முடியாது என்பதை நான் அறிவேன். ஆனால் மழைக்குப் பின் அந்த மனைப் பகுதிக்கு நாங்கள் போனபோது, கட்டப்பட்டிருந்த சில வீடுகளின் சுவரில் தண்ணீர் நின்ற கறை இடுப்புயரத்துக்கு இருந்தது. கறை படிந்த வீடுகள் எல்லாம் நாங்கள் மணல் கண்ட கோட்டில் இருந்தன. அங்கே மனை வாங்கியவர்கள் சிறுகச் சிறுகச் சேமித்த எளிய மக்கள். அவர்கள் வாங்கும் முன்பு, அந்த ஓடை முழுதும் ஒரே கோடாக, தமிழில் பெயரோடு, யாரும் பார்க்கும்படி திறந்திருந்திருந்தால், பத்திரம் எழுதும் முன் ஒருவராவது கேள்வி கேட்டிருப்பார். நான் திரும்பத் திரும்ப இதைச் சொல்வதற்குக் காரணம் அந்தச் சுவர்க் கறைதான்.

ஊரார் சேர்ந்து வரைபடம் செய்வது புதுமையான செயலும் அன்று. 2004 இல் இங்கிலாந்தில் தொடங்கப்பட்ட ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்னும் திறந்த வரைபடத்தில், உலகில் எவரும் தம் தெருவைச் சேர்க்கலாம், திருத்தலாம். அதன் தரவு முழுவதையும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் வந்தபோது, நீரில் மூழ்கிய தெருக்களை மக்களே அந்த வரைபடத்தை அடிப்படையாகக் கொண்டு குறித்தார்கள்.

அடுத்தது பெயர். நான் சொன்ன அந்தக் குளத்துக்குக் கிழக்கே ஓர் ஊரும் மேற்கே ஓர் ஊரும் இருக்கின்றன. கிழக்கே உள்ளவர்கள் அதை மேலக்குளம் என்கிறார்கள். மேற்கே உள்ளவர்கள் கீழக்குளம் என்கிறார்கள். இரு சாராரும் தத்தம் வாசலில் நின்று சரியாகவே சொல்கிறார்கள். பதிவேட்டிலோ மூன்றாவதாக ஒரு பெயர் இருக்கிறது. நள்ளிரவில் ஒருவர் தொலைபேசியில், "மேலக்குளத்துக் கரை உடையப் போகுது" என்று சொன்னால், மணல் மூட்டை எந்த ஊருக்குப் போகும்? 108 வண்டிக்கு வழி சொல்லும் நம் எல்லாருக்கும் இதே தொல்லை உண்டு. ஒரே ஊரில் பிள்ளையார் கோவில் தெரு நான்கு இருக்கும். வண்டி ஓட்டுநர், "எந்தப் பிள்ளையார் அண்ணாச்சி?" என்று கேட்பதை நானே கேட்டிருக்கிறேன். ஆகவே திறந்த தரவில் ஓர் இடத்துக்கு ஒரே பெயரைத் திணிக்காமல், பதிவேட்டுப் பெயர், ஊர் வழங்கும் பெயர், மறுகரையார் வழங்கும் பெயர் என எல்லாவற்றையும் ஒரே புள்ளியோடு இணைத்து வைக்க வேண்டும். திறந்த வரைபடத்தில் தமிழ்ப் பெயருக்கும் மாற்றுப் பெயருக்கும் தனித்தனி இடம் உண்டு. நம் பக்கத்தில் அந்த இடங்கள் பல இன்னும் வெறுமையாகக் கிடக்கின்றன.

2020 ஜூனில், தமிழ்நாட்டில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்து வடிவத்தை மாற்ற ஆணை வந்து, சில நாள்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. தின்னவேலி என்று எழுதி வந்த ஊர் திருநெல்வேலி ஆனதில் மகிழ்ந்தவன் நான். ஆனாலும் ஆங்கில எழுத்தைப் பற்றி அத்தனை பேசிய நாம், குளத்தின் பெயரைத் தமிழில் எழுதி வைக்க நேரம் ஒதுக்கவில்லையே என்று அப்போது நினைத்தேன்.

திறந்திருக்க வேண்டியது எது, கூடாதது எது என்பதிலும் தெளிவு வேண்டும். அங்கன்வாடி எங்கே, கழிவுநீர்க் குழாய் எந்த வழி, வார்டு எல்லை எது என்பவை பொதுச் செய்திகள். எந்த வீட்டில் யார் தனியாக இருக்கிறார், யாருக்கு என்ன நோய் என்பவை எக்காலத்திலும் வரைபடத்தில் ஏறக் கூடாதவை. நாங்கள் மாணவர்களுக்கு விதித்த முதல் விதி, வாசலுக்கு உள்ளே எதையும் குறிக்காதே என்பது.

பேருந்தைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். நேரம் நெருங்கிவிட்டதால் சுருக்கிச் சொல்கிறேன். நிறுத்தங்களின் இடமும் வண்டிகளின் நேரமும் எல்லாருக்கும் புரியும் ஒரே வடிவத்தில் வெளியிடப்பட்டால், எந்தச் செயலியும் அவற்றை எடுத்துப் பயணிக்குக் காட்ட முடியும். கொச்சி மெட்ரோ 2018 இல் தன் நேர அட்டவணையை அவ்வாறு திறந்துவிட்டது. சேரன்மகாதேவிக்கும் முக்கூடலுக்கும் போகும் நகரப் பேருந்துக்கு வெயிலில் நிற்பவர்களுக்கும் அது கிடைக்க வேண்டும்.

ஒரே ஒரு வேண்டுகோள். வரும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் தெருவில் மூத்த ஒருவரிடம் போய், வீட்டுக்குப் பின்னால் இருக்கும் குளத்தின் மறுகால் எந்தப் பக்கம் போகும் என்று கேளுங்கள். அவர் கை காட்டும் திசையில் கொஞ்ச தூரம் அவரோடு நடந்து, அவர் சொல்லும் பெயர்களை அவர் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். எங்களுக்கு வழிகாட்டிய பெரியவர் சென்ற ஆண்டு மறைந்துவிட்டார். அந்த ஓடையின் மற்றொரு கிளையை அவரிடம் கேட்காமல் விட்டுவிட்டோம். வணக்கம்.